உறைகலனில் வைத்தவரின் நினைவு: ஞாயிறு கட்டுரைக்குச் சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறந்தவரை உறையவைத்துப் பிற்காலத்தில் எழுப்பும் முயற்சி பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். இப்படி ஒரு விஷயத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் மூன்று இடங்களில் கட்டுரை தடம் மாறிவிட்டது. உடலை ஐஸ் கட்டியாக்குகிறார்கள் என்கிறது. உறையும்போது செல்கள் பானைபோல் வெடிக்கும் என்கிறது. மூளையில் மின்னோட்டம் நின்றதுமே நினைவு அழிந்துவிடும், அதனால் எழுந்து வருபவர் வேறு ஆள் என்று முடிக்கிறது. முதல் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்றாவதற்குத்தான் இந்த நீண்ட கடிதம். எங்களில் ஒருவர் கால்நடை மருத்துவர், மற்றவர் அறுவைச் சிகிச்சையில் மயக்க மருந்து கொடுப்பவர். குளிர் இருவருக்கும் தொழில் சம்பந்தப்பட்டது.

முதலில் ஐஸ். பாகு காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆறும் பாகில் ஓர் இடத்தில் மணி பிடித்தால் பாத்திரம் முழுக்கப் பூத்துவிடும். பூக்காமல் இருக்கத்தான் நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுகிறோம். மணி பிடிக்காமலே ஆறிய பாகு கண்ணாடி மாதிரிக் கட்டியாகும். தண்ணீருக்கும் இந்த இரண்டு வழி உண்டு. மணி மணியாகக் கோத்துக்கொண்டால் ஐஸ்; கோத்துக்கொள்ள விடாமல் குளிரவைத்தால் கண்ணாடி. இறந்தவரை உறைகலனில் வைத்துக் காக்கும் நிறுவனங்கள் இன்று முயல்வது இரண்டாவதை. அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் ஆல்கார் நிறுவனம் பயன்படுத்தும் 'எம்22' கரைசலில் எலுமிச்சைச் சாற்றின் வேலையை டி.எம்.எஸ்.ஓ., எத்திலீன் கிளைக்கால், ஃபார்மமைடு முதலிய வேதிப்பொருள்களும், ஐஸ் மணியை வளரவிடாமல் தடுக்கும் சில பாலிமர்களும் செய்கின்றன. கரைசலில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு இந்த மருந்துகள்தாம். சுமார் மைனஸ் 123 டிகிரியில் அது கண்ணாடியாகிவிடும்.

செல் வெடிப்பதும் பெரும்பாலும் நடப்பதில்லை. ஐஸ் முதலில் செல்லுக்கு வெளியே கட்டுகிறது. அது தூய நீரை மட்டும் எடுத்துக்கொள்வதால் மிச்ச நீரில் உப்பு ஏறுகிறது. அந்த உப்பு செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சிவிடும். செல் கருவாடாக வற்றி, சுற்றிலும் வளரும் ஐஸுக்கு நடுவே நசுங்கும். மூளையில் இது நடந்தால் செல்லை விட, செல்களுக்கு இடையே ஓடும் மெல்லிய இழைகளுக்குத்தான் அதிகச் சேதம். நினைவு இருப்பதும் அந்த இழைகள் சேரும் இடங்களில்.

மைனஸ் 196 டிகிரி கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. சினை ஊசி போடும் எந்தக் கால்நடை மருந்தகத்திலும் ஒரு நைட்ரஜன் கேன் மூலையில் நிற்கும். அதற்குள் 0.25 மில்லி ஸ்ட்ராக்களில் காங்கேயம் காளையின் விந்தும் ஜெர்சியின் விந்தும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஒரு ஸ்ட்ராவில் 2 கோடி விந்தணு. எடுத்து 37 டிகிரி தண்ணீரில் 30 விநாடி வைத்தால் உருகி நீந்த ஆரம்பித்துவிடும். இந்தத் தொழில் 1949இல் இங்கிலாந்தில் சேவல் விந்தில் கிளிசரின் கலந்து பார்த்ததில் தொடங்கியது. கேன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: நைட்ரஜனுக்குள் கிடக்கும்வரை ஸ்ட்ரா கெடாது. எந்தக் காளை என்று தேடிக்கொண்டு கேனின் கழுத்துக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் கெடும். திரும்ப இறக்கிவிட்டாலும் போனது போனதுதான். மனிதரை உறையவைப்பதிலும் கெடுதல் நடப்பது உள்ளே போகும் வழியிலும் வெளியே வரும் வழியிலும். நடுவில் நூறு ஆண்டு கிடந்தாலும் ஆயிரம் ஆண்டு கிடந்தாலும் அந்தக் குளிரில் வேதிவினை ஏதும் நடப்பதில்லை.

ஆனால் ஸ்ட்ராவையும் மூளையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. உருகிய விந்தில் பாதி நீந்தினால் அந்த ஸ்ட்ரா தேறியதாகக் கணக்கு, ஏனென்றால் ஒன்று செத்தால் அதே வேலைக்கு இன்னொன்று இருக்கிறது. 1992இல் உறையவைத்த கருக்களிலிருந்து 2022இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்ததைக் கட்டுரை பெரிதாகச் சொல்கிறது. அந்தக் கருக்களுக்கு இழக்க நினைவு ஏதும் இல்லை. வளர்ந்தவரின் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் எதோடு எதோடு எவ்வளவு இறுக்கமாகச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் அந்த ஆளின் வாழ்க்கைக் கணக்கு. பாதி பிழைத்தால் பாதி மனிதர் வருவார் என்று எந்த நரம்பியலாளரும் சொல்ல மாட்டார்.

இனி மின்னோட்டம். சென்னிமலையிலும் சிறுமுகையிலும் ஜக்கார்டு தறியைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. விசைத்தறியில் கரண்ட் போனால் ஓட்டம் நிற்கும். பூ வேலை எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை, அது துளையிட்ட அட்டையில் இருக்கிறது. கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். நீண்டகால நினைவும் அட்டையில் இருப்பதுதான். இரண்டு நரம்பு செல்கள் அடிக்கடி சேர்ந்து வேலை செய்தால் அவற்றின் இணைப்பு வலுப்பட்டு நெடுநேரம் அப்படியே நிற்கும் என்பது 1973இல் முயல் மூளையில் காட்டப்பட்டது. வலுப்படுவது வெறும் பேச்சல்ல: இணைப்பில் சேதி வாங்கும் ஏற்பிகள் கூடும், முனை தடிக்கும், புதிய புரதம் சேரும். எல்லாம் பொருள்.

ஓட்டத்தை நிறுத்திப் பார்த்த சான்றுகளும் இருக்கின்றன. மார்பில் பெருந்தமனி வளைவைச் சரிசெய்யும்போது நோயாளியைச் சுமார் 18 டிகிரிக்குக் குளிரவைத்து, இரத்த ஓட்டத்தையே அரை மணி நேரம் நிறுத்துவார்கள். மூளை மின்பதிவுக் கருவியில் வெறும் கோடுதான் ஓடும். எழுந்ததும் அவர் மகள் பெயரையும் சொல்வார், பால் கணக்கையும் சொல்வார். 1999இல் நார்வேயில் பனிக்கடியில் சிக்கிய ஒரு பெண் மருத்துவரின் உடல்வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியது. அவர் பிழைத்து மீண்டும் மருத்துவராகவே வேலைக்குப் போனார். 1956இல், வழி கண்டுபிடிக்கப் பழக்கிய எலிகளைச் சுழி டிகிரியை ஒட்டிக் குளிரவைத்து, இதயம் நின்றிருந்த நிலையிலிருந்து மீட்டபோது, பழகிய வழி மறக்கவில்லை. 2015இல் 302 நரம்பு செல்கள் மட்டுமே கொண்ட ஒரு சிறு புழுவுக்கு ஒரு வாசனையைப் பழக்கி, கண்ணாடியாக்கி, மீட்டுப் பார்த்தார்கள். வாசனை நினைவு இருந்தது. புழுவிலிருந்து மனிதனுக்குத் தாவ முடியாதுதான். ஆனால் குளிரோ மின்னோட்டம் நிற்பதோ மட்டும் நினைவை அழிப்பதில்லை என்பது இவற்றால் உறுதியாகிறது. கட்டுரையின் மூன்றாவது வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. தறி நிற்கும்போது ஓடத்தில் பாதியில் இருந்த இழை அட்டையில் இல்லை. அதேபோல் கடைசிச் சில மணி நேரத்தில் நடந்தவை புரதமாக மாறி இணைப்பில் பதியாமலே போயிருக்கும். தலையில் அடிபட்டவர்கள் விபத்தை மட்டும் மறப்பது இதனால்தான். எழுந்து வரும் ஒருவர் இருந்தால், தன் மரணப் படுக்கையை அவர் நினைவுகூர மாட்டார்.

சரி, குளிர் அழிப்பதில்லை என்றால் எது அழிக்கிறது? இதயம் நின்றதிலிருந்து மருந்துக் கரைசல் மூளைக்குள் ஏறும்வரை உள்ள நேரம். கட்டுரை இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. நாங்கள் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

இரத்தம் நின்றால் ஐந்து நிமிடத்தில் மூளை செத்துவிடும் என்பது பள்ளிப் பாடம். உயிரோடு மீட்கும் மருத்துவருக்கு அது சரியான எச்சரிக்கை. ஆனால் ஐந்து நிமிடத்தில் இணைப்புகள் கரைந்துவிடுவதில்லை. 2019இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், இறைச்சிக் கூடத்திலிருந்து எடுத்த பன்றி மூளைகளில் இறப்புக்கு நான்கு மணி நேரம் கழித்து ஒரு கரைசலை ஓடவிட்டபோது, செல்களின் உள்வேலை பல இடங்களில் மீண்டும் தொடங்கியது. முழு மூளை இயக்கம் வரவில்லை, வரவும் விடவில்லை. நினைவுக்கு வாசல்போல் இருக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் சில செல்கள் இரத்தத் தட்டுப்பாட்டுக்கு மிகவும் நொய்யானவை. அவைகூட இரத்தம் திரும்ப ஓடி இரண்டு மூன்று நாள் கழித்தே மடிகின்றன. அதற்குள் குளிரவைத்துவிட்டால் அவற்றின் வடிவம் அப்படியே நிற்கும்.

பிறகு என்ன கெடுகிறது? குழாய். இரத்தம் நின்ற மூளையில் நுண்குழாய்களின் சுவர்கள் வீங்கும், சிவப்பணுக்கள் ஒட்டிக்கொள்ளும், இரத்தம் உறையும். அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துக் கரைசலை அனுப்பினால் பல திட்டுகளுக்குள் அது போகாது. சொட்டுநீர்க் குழாயில் உப்புப் படிந்து அடைத்தால் என்ன ஆகிறது? மோட்டாரில் அழுத்தம் இருக்கும், மீட்டர் ஓடும், தோப்பின் ஒரு மூலையில் பத்து தென்னை காய்ந்து நிற்கும். மூளையில் கரைசல் போகாத திட்டுகளில் பாகுக்கு எலுமிச்சைச் சாறு இல்லை. குளிரும்போது அங்கே ஐஸ் கட்டும், மேலே சொன்ன கருவாட்டு வேலை நடக்கும். எந்தத் திட்டு என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பேச்சுப் பகுதியாக இருக்கலாம், முகம் அடையாளம் காணும் பகுதியாக இருக்கலாம்.

அதனால்தான் முறையாகச் செய்யும்போது ஒரு குழு சாகப்போகிறவரின் கட்டிலருகே நாள்கணக்கில் காத்திருக்கிறது. மருத்துவர் இறப்பை அறிவித்த நிமிடமே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, மேலே தண்ணீரைப் பம்ப் செய்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சும்மா ஐஸ் மூட்டையை அடுக்குவதைவிட ஓடும் ஐஸ் தண்ணீர் பல மடங்கு வேகமாகக் குளிர்விக்கும். இரத்தம் ஓடிக்கொண்டிருக்க மார்பை இயந்திரம் அழுத்தும். இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின், மூளையின் தேவையைக் குறைக்கவும் தப்பித்தவறி நினைவு திரும்பாமல் இருக்கவும் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து. மயக்க மருந்துக்காரர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்: இறந்தவர் விழித்துவிடக் கூடாதே என்று மருந்து. வெப்பம் 10 டிகிரி குறைய, மூளையின் ஆக்சிஜன் தேவை பாதிக்கும் கீழே போகும். அப்படித்தான் நேரத்தை வாங்குகிறார்கள்.

அடுத்து இரத்தத்தைக் கழுவி வெளியேற்றிவிட்டு, உறைநிலையை ஒட்டிய குளிரில் மருந்துக் கரைசலை மெல்ல மெல்லச் செறிவு கூட்டி ஏற்ற வேண்டும். பல மணி நேர வேலை. ஒரேயடியாக ஏற்றினால் செல்லுக்குள்ளும் வெளியேயும் அழுத்தம் எகிறிக் கிழியும். வெப்பமாக இருக்கும்போது ஏற்றினால் மருந்தே விஷம். மண்டை ஓட்டில் சிறு துளை போட்டு மூளை சுருங்குகிறதா வீங்குகிறதா என்று பார்ப்பார்கள். சுருங்கினால் நல்ல சகுனம்: மூளையின் இரத்தத் தடுப்புச் சுவர் இன்னும் கெடவில்லை, நீர் மட்டும் வெளியேறுகிறது. வீங்கினால் தாமதமாகிவிட்டது என்று பொருள். கழுத்துச் சிரையில் வெளிவரும் கரைசலை ஒளிவிலகல் மானியில் வைத்துச் செறிவு பார்ப்பார்கள். கரும்புச் சாற்றின் பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, பார்க்கும் அதே வகைக் கருவிதான்.

பிறகு நைட்ரஜன் ஆவியில் கண்ணாடியாகும் அளவுக்கு வேகமாகவும், அதன்பின் பல நாள் மெதுவாகவும் இறக்குவார்கள். மெதுவாக இறக்கினாலும் விரிசல் விழும். கண்ணாடியான பின் வெளிப்புறமும் உட்புறமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. இந்த விரிசலைப் பற்றித்தான் கட்டுரை அதிகம் அஞ்சுகிறது. எங்களுக்கு அந்த அச்சம் குறைவு. கொடுமணல் அகழாய்வில் கிடைத்த தமிழி எழுத்துப் பானை ஓடுகளை நினைத்துப் பாருங்கள். உடைந்த ஓடுகளை விளிம்பு பார்த்துச் சேர்த்துப் பெயரைப் படிக்க முடிகிறது. எழுத்தே தேய்ந்துபோன ஓடு முழுசாகக் கிடைத்தாலும் படிக்க ஒன்றுமில்லை. விரிசல் உடைந்த ஓடு. ஐஸ் கட்டிய திட்டு தேய்ந்த ஓடு.

எழுப்புவது எப்படி என்பதற்கு இன்றைக்கு விடை இல்லை. மைனஸ் 130 டிகிரிக்குப் போய் உயிரோடு திரும்பிய வளர்ந்த பாலூட்டி ஒன்றுகூட இல்லை, மனிதரைச் சொல்லவே வேண்டாம். கண்ணாடியான பொருளில் குளிரும்போதே கண்ணுக்குத் தெரியாத ஐஸ் விதைகள் விழுந்திருக்கும். சூடேறும்போது அவை வளரும். ஆகவே குளிர்விப்பதைவிட வேகமாக, அதுவும் எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சூடேற்ற வேண்டும். வெளியிலிருந்து சூடு கொடுத்தால் விளிம்பு முதலில் ஏறி நடு பின்தங்கும். 2023இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் எலிச் சிறுநீரகங்களுக்குள் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை அனுப்பி, காந்தப்புலத்தால் உள்ளிருந்தே சூடேற்றினார்கள். 100 நாள் வரை உறைந்திருந்த சிறுநீரகத்தைப் பொருத்திய எலிகள் பிழைத்தன. பெரிய சாதனைதான். ஆனால் எலிச் சிறுநீரகம் புளியங்கொட்டை அளவு, மனித மூளை சுமார் 1,300 கிராம். சிறுநீரகத்தில் வடிகட்டும் வேலை நடந்தால் போதும், பழைய மூத்திரத்தை அது நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வழியையும் கட்டுரை இதோடு சேர்த்துக் குழப்பிவிட்டது. 2018இல் பன்றி மூளையைப் பாதுகாத்துப் பரிசு பெற்றவர்கள் முதலில் குளூட்டரால்டிஹைடு ஏற்றினார்கள். அது புரதங்களை ஒன்றோடொன்று கோத்துப் பூட்டிவிடும். இணைப்புகள் மின்நுண்ணோக்கியில் அழகாகத் தெரிந்தன. நினைவின் வடிவத்தைக் காப்பதற்கு இன்றைக்கு இதைவிட நல்ல முறை இல்லை. ஆனால் அந்த மூளை ஒருபோதும் எழாது. பூட்டிய புரதம் வேலை செய்யாது. அதைப் படித்து, வேறெங்கோ மறுபடி ஓடவைக்கலாம் என்பதுதான் அவர்கள் கணக்கு. படிப்பது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? 2024இல் வெளியான ஆய்வில் மனித மூளைப் புறணியில் ஒரே ஒரு கன மில்லிமீட்டரைப் படம் பிடித்ததில் 57,000 செல்களும் சுமார் 15 கோடி இணைப்புகளும் தெரிந்தன, சேமிக்க 1.4 பெட்டாபைட் ஆனது, அதாவது 1,400 டெராபைட். முழு மூளை என்றால் இதைப்போல் பன்னிரண்டு லட்சம் துண்டு. அந்த 302 செல் புழுவின் இணைப்பு வரைபடம் 1986லேயே முழுதாக வந்துவிட்டது. வரைபடத்தை மட்டும் வைத்துப் புழு அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று இன்றுவரை திட்டமாகச் சொல்ல முடியவில்லை. எந்த இணைப்பு எவ்வளவு வலு, எந்த வேதிப்பொருள் எப்போது சுரக்கும் என்பது படத்தில் இல்லை.

இப்போது 'அதே ஆளா' என்ற கேள்விக்கு வரலாம். எழுந்து வருதல் கொங்கு நாட்டுக்குக் கேள்விப்படாத சங்கதி அல்லவே. அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட கதையில், பிள்ளை விழுங்கப்பட்ட வயதில் வரவில்லை, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான். கூடவே விளையாடிய பையனுக்குப் பூணூல் போடும் வயதில் இவனும் நின்றான். தாய் ஒரு நொடியும் சந்தேகப்படவில்லை. உறைகலனில் இருந்து வருபவர் இதற்கு நேர் எதிர். அவர் வயது நின்றிருக்கும், ஊர் வளர்ந்திருக்கும், தாய் இருக்க மாட்டாள். திருமூலர் கதை வேறு மாதிரி. இறந்த இடையன் மூலனின் உடலுக்குள் யோகி ஒருவர் புகுந்ததும், அது எழுந்து மாடுகளை வீட்டுக்கு ஓட்டி வந்தது. ஆனால் உள்ளே இருந்த நினைவு யோகியுடையது. மூலனின் மனைவி ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினாள்; அவர்கள் பேசிப் பார்த்து, இவன் நம் மூலன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உடல் சாட்சி போதவில்லை, நினைவைத்தான் விசாரித்தார்கள்.

எழுந்து வருபவரை நாமும் அப்படித்தான் விசாரிப்போம். அந்தியூர்ச் சந்தையில் எந்தக் கிடாரியை என்ன விலைக்குப் பிடித்தீர்கள், அப்பத்தா உங்களை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்போம். ஆனால் நினைவு ஒரே மூட்டை அல்ல. 1953இல் வலிப்புக்காக ஹிப்போகேம்பஸ் நீக்கப்பட்ட ஹென்றி மோலைசனுக்குச் சிறுவயது நினைவு இருந்தது. புதிதாக எதுவும் பதியவில்லை. அவரைப் பல ஆண்டு பார்த்துவந்த ஆய்வாளரும் ஒவ்வொரு முறையும் புது ஆள்தான். ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், பழகியது மட்டும் தெரியாது. ஆகவே எழுந்து வருபவர் தறி ஓட்டக்கூடும், தறி யாருடையது என்று தெரியாமலிருக்கக்கூடும். கல்யாணம் நினைவிருக்கலாம், மனைவி முகம் பிடிபடாமல் போகலாம். கட்டுரை கேட்பதுபோல் 'அவரா, இல்லையா' என்று ஒரே வார்த்தையில் கேட்டால் விடை கிடைக்காது. எந்தத் திட்டில் கரைசல் போனது, எதில் போகவில்லை என்பதைப் பொறுத்த கேள்வி அது.

இதில் எங்களை அதிகம் உறுத்துவது மறதியே அல்ல. மறந்தவர் மறந்தேன் என்பார். எதிர்காலத்தில் எவரோ சேதமான மூளையைச் சீர்செய்யும்போது, தேய்ந்த இடத்தைக் கடிதம், புகைப்படம், குரல் பதிவு எல்லாம் பார்த்து ஊகித்து நிரப்புவார்கள் அல்லவா? அப்படி நிரப்பியதை உள்ளே இருப்பவரால் பிரித்தறிய முடியாது. மூளை தானாகவே இட்டுக்கட்டும் குணம் உள்ளது. குடியால் பி1 வைட்டமின் வற்றியவர்கள் நடக்காததைச் சத்தியமாக நம்பிச் சொல்வதை எந்த அரசு மருத்துவமனை வார்டிலும் பார்க்கலாம். இப்படிச் சீர்செய்தவர் அப்பத்தா வைத்த பெயரைச் சரியாகச் சொன்னால், அது நினைவா, படித்துக் கொடுத்ததா? உறுப்பினர்கள் தங்கள் டைரியையும் படங்களையும் நிறுவனத்திடம் ஒப்படைப்பது உண்டு. செய்பவர்கள் இரண்டு கட்டாகச் செய்யட்டும்: ஒன்று சீர்செய்பவருக்கு, மற்றொன்று வேறு ஊரில், வேறு ஆளிடம், அரக்கு முத்திரையோடு. இரண்டாவதில் உள்ளதை யாரும் படிக்காமல், எழுந்தவரிடம் கேட்டு ஒப்பிட வேண்டும். நூற்றுக்கு நூறு பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. உயிரோடு இருப்பவரே நாற்பது வருடத்துக்கு முந்தைய சங்கதியை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறார், ஏனென்றால் நினைவு எடுக்கப்படும்போது இளகி மறுபடி பதிகிறது.

படித்து வேறெங்கோ ஓடவிடும் வழியில் இன்னொரு சிக்கல்: ஒரு பிரதி எடுக்க முடிந்தால் இரண்டும் எடுக்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே கிடாரி நினைவிருக்கும். தோட்டத்துப் பட்டா யார் பெயரில்? தத்துவக்காரர்கள் இதில் நெடுங்காலமாக மல்லுக்கட்டுகிறார்கள். தாலுகா அலுவலகத்தில் முதல் நாளே மனு நிற்கும். உண்மையில் ஒருவர் வந்தாலே சிக்கல்தான். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதன்பின் வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல். எழுந்து வருபவர் சட்டப்படி இல்லாதவர். இப்படி எழுந்து வருபவருக்கென்று நம் சட்டத்தில் தனி வழி ஏதும் இல்லை. அமெரிக்காவில் சிலர் தமக்கே சொத்து திரும்பும்படி டிரஸ்ட் எழுதி வைக்கிறார்கள்.

கட்டுரை வந்த பிறகு எங்களிடமே இரண்டு குடும்பங்கள் விசாரித்ததால் கடைசியாக நடைமுறை. இந்தியாவில் இப்படி உறையவைக்கும் நிலையம் இல்லை. கோவையில் இறந்தவரைத் துக்க வீட்டு ஐஸ் பெட்டியில் ஒரு நாள் வைத்தால், பெட்டி சுழி டிகிரியை ஒட்டி ஓடுவதால் மூளை மெதுவாகக் கெடும். இன்னும் குறைத்து வைத்தால் மருந்து ஏறாமலே ஐஸ் கட்டும். இரண்டும் மோசம். வெளிநாட்டுக்கு விமானத்தில் அனுப்ப எம்பாமிங் சான்றிதழ், அதாவது உடல் கெடாமல் மருந்து ஏற்றியதற்கான சான்றிதழ், கேட்பார்கள். ஃபார்மலின் ஏற்றிய பிறகு நைட்ரஜனில் போட்டு எழுப்பும் பேச்சே இல்லை. உலர்பனியில், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடில், வைத்து அனுப்புவதும் நடக்கிறது. அதன் மைனஸ் 78 டிகிரி கண்ணாடியாகும் அளவுக்குக் கீழே இல்லை. கட்டணம் ஆல்காரில் முழு உடலுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல், மிச்சிகனில் உள்ள கிரயோனிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் 28,000 டாலர். கட்டிலருகே காத்திருக்கும் குழுவும் பயணமும் இந்த இரண்டாவது தொகையில் சேராது, ஆனால் நினைவைக் காப்பது அந்தக் குழுதான். நிறுவனம் பிழைத்திருப்பதும் முக்கியம். 1979இல் கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் பணம் நின்றதால் நைட்ரஜன் நின்று, ஒன்பது உடல்கள் உருகி அழுகிக் கிடந்தது வெளியே தெரிந்தது. 1967 ஜனவரி 12 அன்று முதன்முதலில் உறையவைக்கப்பட்ட ஜேம்ஸ் பெட்போர்டு இன்னும் உறைந்தே இருக்கிறார். அவருக்கு இன்றைய கரைசல் கிடைக்கவில்லை. இங்கிருந்து இதற்காகக் காடு விற்க நினைப்பவர்களுக்கு எங்கள் பதில், வேண்டாம் என்பதுதான்.

ஒரு சிறு திருத்தம் பாக்கி. கட்டுரையோடு வந்த வரைபடத்தில், உயரமான எஃகுக் கலனுக்குள் உடல் கால் கீழாக நிற்கிறது. உண்மையில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். அந்தக் கலன்களுக்கு மின்சாரம் தேவையில்லை, ஆவியாகிக் குறையும் நைட்ரஜனை அவ்வப்போது மேலிருந்து ஊற்றினால் போதும். ஊற்ற ஆளில்லாமல் மட்டம் இறங்கினால் மேலே இருப்பதுதான் முதலில் சூடாகும். கால் போனாலும் தலை கடைசிவரை நைட்ரஜனில் மூழ்கியிருக்க வேண்டும் என்று அப்படி வைக்கிறார்கள். மறுபதிப்பில் படத்தைத் திருப்பிப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கால்நடை மருத்துவர், ஒரு மயக்கவியல் மருத்துவர்
கோபிசெட்டிபாளையம்